உடம்பு வைத்தது யார்?

ஏலக்காய் விளையும் வண்டன்மேட்டில் இரண்டு மொழிகள் ஒரே தேநீர்க் கடையின் பெஞ்சில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. சில மாதம் கழித்துத் தென்படும் ஒருவரின் உடல் மெலிந்திருந்தால் மலையாளி 'க்ஷீணிச்சு போயல்லோ' என்பார். தமிழர் 'இளைச்சுப் போயிட்டீங்களே' என்பார். முதல் சொல்லின் நேர்ப்பொருள் களைத்துப்போதல். இரண்டாவது சொல்லும் அப்படித்தான். இளைப்பு என்றால் மூச்சுவாங்கல், களைப்பு. இளைப்பாறுதல் அதிலிருந்து பிறந்தது. 'யாருக்கும் இளைத்தவன் அல்லன்' என்னும்போது அது தாழ்வையும் குறிக்கிறது. ஆக இரு மொழியிலும் மெலிவு என்பது களைப்பு, நலிவு, இல்லாமை. அதற்கு மறுபுறத்தில் 'நாலு சதை பிடித்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும்' என்பது இன்றும் அக்கறையோடு சொல்லப்படும் வாக்கியம்.

இச்சொற்களில் அறியாமை எதுவும் இல்லை, இருப்பது நினைவு. இடுக்கி மலைகளின் காடுகள் பெருமளவில் திருத்தப்பட்டதற்குப் பின்னால் பசி இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது திருவிதாங்கூர் அரசு உணவுப் பயிருக்கென மலைக்காடுகளைக் குத்தகைக்குத் திறந்துவிட்டது. குடியேறியவர்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று அரிசிப் பஞ்சத்தைத் தாண்டினார்கள். அவர்களுக்கு முன்பே கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து மலையேறி ஏலக்காட்டில் உழைத்தவர்களின் கதையும் வேறன்று. அவர்களின் பேரக்குழந்தைகளிடம் இப்போது 'எடையைக் குறை' என்று மருத்துவர் சொல்கிறார். பேச்சுவழக்கு அந்த அறிவுரைக்கு இன்னும் இடங்கொடுக்கவில்லை; மூன்று தலைமுறை கண்ட வறுமையை ஒரு மருத்துவச் சீட்டு மாற்றி எழுதிவிட முடியாது.

எண்கள் வேகமாக மாறுகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் உடல் நிறைக் குறியெண் 25ஐ எட்டியவர்களையும் தாண்டியவர்களையும் கணக்கிடுகிறது. 2015-16இல் அவர்கள் கேரளத்தில் 32.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 30.9 விழுக்காடு. 2019-21இல் கேரளத்தில் 38.1, தமிழ்நாட்டில் 40.4. ஆண்களிடமும் அதே ஏற்றம்: கேரளத்தில் 28.5இலிருந்து 36.4, தமிழ்நாட்டில் 28.2இலிருந்து 37.0. நாடு முழுவதற்குமான பெண்களின் சராசரி 24.0 மட்டுமே. அதாவது கம்பம்மெட்டின் இருபுறமும் உள்ள இரண்டு மாநிலங்களும் நாட்டின் சராசரியை வெகுதொலைவு விட்டு முன்னேறியிருக்கின்றன. அதே ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்றும் சொல்கிறது. உடல் நிறைந்திருக்கிறது, இரத்தத்தில் இரும்பு இல்லை. இதை 'அதிகமாகச் சாப்பிடுகிறார்கள்' என்ற ஒரே வாக்கியத்தால் விளக்கமுடியுமா?

'நாவடக்கம் இல்லை' என்ற விளக்கம் நொறுங்கும் இடம் இதுவே. ஐந்தாண்டுக்குள் ஒரு மாநிலத்தின் பெண்களில் மேலும் ஒன்பதரை விழுக்காட்டினர் எல்லை கடந்திருக்கிறார்கள். அத்தனை பேரின் மனவுறுதியும் ஒரே காலத்தில், ஒரே திசையில் குலைந்துவிட்டது என்று நம்புவது கடினம். மனித இயல்பு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. மாறுவது அங்காடியும் விலையும் வேலை நேரமும்தான்.

ஆனால் மொழி இன்னும் பழைய குற்றவாளியையே தேடிக்கொண்டிருக்கிறது. தமிழில் கொழுப்பு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்: ஒன்று உடலில் சேரும் பொருள், மற்றொன்று திமிர். 'உனக்குக் கொழுப்பு' என்று யாரும் இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வதில்லை. 'தின்று கொழுத்தவன்' என்பது வசை, 'தடியன்' என்பதும் வசை. மலையாளத்தில் உடற்பருமனுக்கான வழக்குச்சொல்லே 'பொண்ணத்தடி'. எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அதில் ஓர் ஏளனம் ஒட்டியிருக்கிறது. இன்னொரு பக்கம் 'உடம்பு வைத்துவிட்டது', 'சதை போட்டுவிட்டது' என்று செய்தவர் இல்லாத வாக்கியங்கள். உடம்பே எழுவாய், அது தானாக வைத்துக்கொண்டது, மழை பெய்ததுபோல. ஒரு வகை வாக்கியம் முழுப் பழியையும் உண்பவர் தலையில் போடுகிறது, மற்றொன்று யார்மீதும் போடுவதில்லை. விலையை நிர்ணயித்தவர், எண்ணெயை இறக்குமதி செய்தவர், பொட்டலத்தில் எழுத்தைச் சிறிதாக அச்சிட்டவர் ஆகியோரை எழுவாயாகக் கொண்ட வாக்கியம் அன்றாடப் பேச்சில் கிட்டத்தட்ட இல்லை.

அரசுச் சொற்களும் இதில் பங்கேற்கின்றன. கேரள நலத்துறை நீரிழிவையும் இரத்தக்கொதிப்பையும் 'ஜீவிதசைலி ரோகங்கள்' என்கிறது. தமிழ் நாளிதழ்கள் 'வாழ்க்கைமுறை நோய்கள்' என்கின்றன. சொல்லிலேயே தீர்ப்பு வந்துவிட்டது: நோய் உன் வாழ்க்கைமுறையிலிருந்து வந்தது, வாழ்க்கைமுறை நீ தேர்ந்தது. 'தொற்றா நோய்' என்ற மற்றொரு சொல் அத்தகைய தீர்ப்பை வழங்குவதில்லை. ஆயினும் அது அலுவலகக் கோப்புகளைத் தாண்டி மக்கள் நாவுக்கு வரவில்லை.

தேர்வு என்ற சொல்லை வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்கள் பொழுது புலருமுன் ஜீப்பில் ஏறவேண்டும். அதற்கும் முன்னால் எழுந்து வீட்டுச் சமையலை முடிக்கவேண்டும். தம் காலை உணவைத் தூக்குவாளியில் அடைக்க நேரம் கிடைத்தால் அது பழைய சோறு, இல்லையென்றால் மலையில் ஒரு தேநீரும் ரொட்டிப் பொட்டலமும். மலையேறும் ஜீப்பின் நெருக்கடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிகிறது. பிறகு ஏலச்செடியின் அடித்தூரில் குனிந்தும் குந்தியும் காய் எடுக்கும் வேலை. மாலையில் அதே ஜீப், அதே மலைப்பாதை. இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். கீரை ஆய்ந்து, பருப்பு வேகவைத்து, காய் நறுக்கும் மணித்துளிகள் இந்த நாளில் எங்கே இருக்கின்றன? புரோட்டாக் கடை அந்த மணித்துளிகளைத்தான் விற்கிறது. மைதாவும் பாமாயிலும் அதற்கு ஆகும் மூலப்பொருள்கள். உண்மையில் விற்பனையாவது நேரம்.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு இடமளிக்கவேண்டும். குனிந்து காய் எடுக்கும் பெண்களில் பலர் மெலிந்தவர்களே. எடை கூடியவர்களை ஸ்டோர் முதலாளிகளிடமும் கடைக்காரர்களிடமும் ஜீப் ஓட்டுநர்களிடமும் தேடவேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அது ஓரளவு சரியே. இந்தியாவில் இன்றைய நிலவரப்படி வசதி கூடக் கூட எடையும் கூடுகிறது, நகரம் கிராமத்தை முந்துகிறது. ஆனால் இதுதான் இறுதி நிலை என்று கொள்ள இடமில்லை. செல்வ நாடுகள் பலவற்றில் உடற்பருமன் காலப்போக்கில் மேல்தட்டிலிருந்து இறங்கி ஏழைகளின் நோயாக மாறியது. கேரளமும் தமிழ்நாடும் அந்த இறங்குபடியில் நடுவில் நிற்கின்றன. மேலும் மெலிந்து தோன்றும் உடலும் பாதுகாப்பானதன்று. புணேயில் பணியாற்றும் சித்தரஞ்சன் யாஜ்னிக், இந்தியக் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கும்போதே உடலில் கொழுப்பின் பங்கு மிகுந்திருப்பதைப் பல ஆண்டு ஆய்வில் காட்டினார். கருவில் பட்டினி கிடந்த உடல் பின்னாளில் கிடைக்கும் மாவுச்சத்தை வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆசியர்களுக்கு அபாயம் குறியெண் 23இலேயே தொடங்குவதாகக் கொள்வதற்கும், இடுப்புச் சுற்றளவுக்குப் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 சென்டிமீட்டர் என்று எல்லை வைப்பதற்கும் இத்தகைய சான்றுகளே அடிப்படை. தாய் பட்டினி கிடந்ததற்கு மகளைக் குற்றஞ்சாட்டும் அறம் எதுவோ தெரியவில்லை.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் ஆகியோர் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. வயிற்றுப் பருமன் இந்தியர்களில் 39.5 விழுக்காடு, பொதுப் பருமன் 28.6 விழுக்காடு. இரண்டுக்கும் இடையிலான அந்த இடைவெளியில் இருப்பவர்கள் தம்மை 'ஒல்லி' என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள்.

இனி அரசின் பங்கு. கேரளம் இதில் ஒரு முறை துணிந்தது. 2016 ஜூலையில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் தம் நிதிநிலை அறிக்கையில், பெயர்பெற்ற நிறுவன உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா, டோனட், பாஸ்தா முதலியவற்றுக்கு 14.5 விழுக்காடு வரி விதித்தார். 'கொழுப்பு வரி' என்ற பெயரில் உலகச் செய்தியானது. எதிர்பார்த்த வருவாய் ஆண்டுக்குப் பத்துக் கோடி ரூபாய்தான். கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் குளிரூட்டிய அறைகளில் அமர்ந்து உண்போரைத் தொட்ட அந்த வரி, வண்டன்மேட்டில் யாரையும் தொட்டிருக்காது. அங்கே உண்ணப்படும் புரோட்டாவும் எண்ணெயில் பொரித்த பழம்பொரியும் அதில் சேரவில்லை. சேர்த்திருந்தால் ஏழையின் தட்டில் கைவைத்ததாகியிருக்கும். எண்ணம் நல்லது, குறி தவறியது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்ததும் அந்த வரி மறைந்தது. அதோடு, எந்த உணவுக்கு எவ்வளவு வரி என்று தனியே முடிவெடுக்கும் அதிகாரமும் மாநிலத்தின் கையிலிருந்து போயிற்று.

அந்த அதிகாரம் சென்ற இடத்தில் நடந்ததையும் பார்க்கவேண்டும். 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரி மன்றம் விகிதங்களைத் திருத்தியது. சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு 40 விழுக்காடு நீடித்தது, அது சரியே. ஆனால் பிஸ்கட், உடனடி நூடுல்ஸ், சாக்லேட், மிக்சர் வகை நொறுக்குகள் எல்லாம் 12, 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கின. அதே ஆண்டின் தொடக்கத்தில் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, மிகைப் பதப்படுத்திய உணவுகளுக்கு வரியைக் கூட்டலாம் என்று சொல்லியிருந்தது. பிப்ரவரியில் பிரதமர் தம் வானொலி உரையில், ஒவ்வொருவரும் சமையல் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். குடிமகனுக்கு அறிவுரை, பொட்டலத்துக்குச் சலுகை! ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரமாகத் தொங்கும் மலைக்கடைகளில் இந்த இரண்டில் எது விலைபோகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எண்ணெயைக் குறைக்கச் சொல்லும் அரசமைப்பே எண்ணெயை மலிவாகத் தருகிறது என்பதும் சேர்த்து எண்ணத்தக்கது. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரையும் மானிய விலையில். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் பல வீடுகளில் புரதமே இருக்காது. இத்திட்டத்தைக் குறைகூறுவது எளிது, ஆனால் அது பட்டினியை விரட்டியது. அதைக் கைவிடச் சொல்பவர்கள் பட்டினியை அறியாதவர்கள். செய்யக்கூடியது கூடையை மாற்றுவது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் முயற்சி தொடங்கப்பட்டது. தேனி மாவட்டத்துக்கு அது வந்தால், ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் தூக்குவாளியில் கூழ் மீண்டும் வரலாம். கேழ்வரகு அங்கே அயலான உணவன்று, மறக்கப்பட்டது மட்டுமே.

மொழியியல் பயின்றவர்களும் பயில்பவர்களும் குரல்கொடுக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தியாவில் பொட்டல உணவின் மீது அச்சிடவேண்டிய கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலுள்ள இந்தியிலோ இருந்தால் போதும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. வண்டன்மேட்டுக் கடைக்கு வருபவர்களில் தமிழ் மட்டும் படிப்பவர்கள் உண்டு, மலையாளம் மட்டும் படிப்பவர்கள் உண்டு. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து ஏலக்காட்டில் வேலைசெய்வோரில் சிலருக்கு இந்தி படிக்கவரும், சிலருக்கு எந்த எழுத்தும் வராது. அதே பொட்டலத்தின் விளம்பரமோ எல்லா மொழியிலும் பேசுகிறது. தொலைக்காட்சியில் தமிழில் சிரிக்கிறது, சுவரில் மலையாளத்தில் அழைக்கிறது. ஆசை காட்டும்போது தாய்மொழி, எச்சரிக்கும்போது அயல்மொழி, அதுவும் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில். இதைப் 'படித்துப் பார்த்து வாங்குவது நுகர்வோர் பொறுப்பு' என்று எந்த முகத்தோடு சொல்வது?

சிலி நாடு 2016இல் இந்தச் சிக்கலுக்கு எளிய விடை கண்டது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, ஆற்றல் ஆகியவற்றில் எல்லை மீறிய பொட்டலத்தின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணம் அச்சிடவேண்டும். குழந்தைகளைக் கவரும் விளம்பரத்துக்கும் பள்ளி விற்பனைக்கும் தடை. முதற்கட்டத்தில் சர்க்கரைப் பானங்களின் கொள்முதல் ஏறத்தாழ கால் பங்கு குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. எழுத்தறியாதவரும் கறுப்புக் கட்டத்தை அறிவார். இந்தியாவின் உணவு ஆணையம் 2022இல் முன்வைத்த வரைவோ நட்சத்திரக் குறியீடு. நட்சத்திரம் பாராட்டின் சின்னம். பள்ளிக்கூடத்தில் நன்றாக எழுதிய பிள்ளைக்கு ஆசிரியர் போடுவது. ஒன்றரை நட்சத்திரம் பெற்ற நூடுல்ஸ் பொட்டலத்தைப் பார்ப்பவருக்கு 'கொஞ்சம் நல்லது' என்றுதான் தோன்றும். எச்சரிக்கையைப் பாராட்டின் இலக்கணத்தில் எழுதினால் அது எச்சரிக்கையாவதில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முன்பக்கக் குறியீடு பற்றி விரைந்து முடிவெடுக்கச் சொன்னது. அந்த முடிவில் எந்தக் குறி, எந்த மொழி என்ற இரண்டு கேள்விகளும் குறியியலும் எழுத்தறிவும் கற்பிக்கும் துறைகளின் கேள்விகளே. அவற்றை ஊட்டச்சத்து வல்லுநர்களுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டும் விட்டுவிடுவது பல்கலைக்கழகங்களின் சோம்பல்.

மருத்துவ ஏற்பாடு எல்லையில் தடுமாறுவது தனிக்கதை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கு வந்து இரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறது. கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் 'சைலி' செயலியோடு முப்பது வயது கடந்தவர்களை வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் பணியாளர் கம்பத்து வீட்டுக் கதவைத் தட்டும் பகல்வேளையில் அந்தப் பெண் வண்டன்மேட்டுச் சரிவில் இருக்கிறாள். கேரளப் பணியாளருக்கு அவள் அங்கே குடியிருப்பவள் அல்லள். 2024 ஜனவரியில் தமிழ்நாடு பணியிடங்களுக்கே சென்று பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது, அதுவும் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. நாள்தோறும் எல்லை கடக்கும் ஓர் உடலை இரண்டு அரசுகளும் அரைநாள் அரைநாளாகப் பார்க்கின்றன, முழுநாள் பார்ப்பவர் இல்லை.

ஊசிமருந்து வந்துவிட்டதே என்பவர்களும் உண்டு. 2025 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானபோது மவுஞ்சாரோவின் தொடக்க அளவுக் குப்பி 3,500 ரூபாயாக இருந்தது. வாரம் ஒன்று போடவேண்டும். தேவைப்படுவோருக்கு அது நல்ல மருந்து. ஏலத்தோட்டக் கூலியில் அதைப் பற்றிப் பேசுவது வீண்.

அப்படியென்றால் தனிமனிதப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது; அளவோடு இருக்கிறது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் உண்பவரை நோக்கியே பேசுகிறது. அன்று தம் உலையில் என்ன கொதிக்கிறது என்பதை உண்பவர் வீடே பெரும்பாலும் தீர்மானித்தது. அந்த அறிவுரைக்குப் பொருள் இருந்தது. இன்று உலையில் விழும் எண்ணெயின் விலையை இறக்குமதித் தீர்வையும், பிஸ்கட்டின் விலையை வரி மன்றமும், சமையலுக்கான நேரத்தை ஜீப் புறப்படும் வேளையும் தீர்மானிக்கின்றன. பொறுப்பு என்பது ஆற்றலின் அளவுக்கு இருக்கவேண்டும். முடிவெடுக்கும் ஆற்றல் மிகுந்தவர்கள் வரிசையில் முதலில் நிற்கவேண்டும், காய் எடுப்பவள் கடைசியில். இப்போதைய வரிசை தலைகீழாக இருக்கிறது.

தோட்ட உரிமையாளர்களும் அந்த வரிசையில் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டங்களையும் உள்ளடக்கியது. 150 தொழிலாளரோ அதற்குமேலோ உள்ள தோட்டத்தில் உணவகம் அமைக்க வழிசெய்திருந்தது. வண்டன்மேட்டுப் பகுதியின் சிறுதோட்டங்கள் அந்த எண்ணிக்கைக்கு வெகு கீழே. ஆயினும் தனித்தனியே முடியாததைச் சேர்ந்து செய்யத் தடையில்லை. புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடத்துக்குச் சரக்கைக் கொண்டுசேர்க்க உரிமையாளர்களும் வணிகர்களும் ஒன்றுகூடத் தெரிந்தவர்கள். பத்துத் தோட்டத்துக்கு ஒரு பொது அடுக்களை, காலையில் பயறும் கூழும், பதினொரு மணிக்குச் சர்க்கரை குறைந்த தேநீர்: இது பெருஞ்செலவன்று. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் காலையில் சமைத்துப் பரிமாறுவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற வாதத்தை ஏற்கெனவே முடித்துவைத்துவிட்டது.

மற்றொன்று, இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் இரண்டும் கையெழுத்திட்டால் அடுத்த மாதமே தொடங்கக்கூடியது. தொழிலாளர்கள் கூடும் கூலி நாளன்று தோட்டத்து ஸ்டோர் வாசலில் ஓர் இரத்தக்கொதிப்புக் கருவி, ஒரு சர்க்கரைச் சோதனை, ஓர் அளவுநாடா. பதிவேடு தமிழிலும் மலையாளத்திலும், இரண்டு மாநில மருத்துவமனைகளும் ஏற்கும்படி. அளப்பவர் 'உடம்பு வைத்துவிட்டாயே' என்று சொல்லாமல் இருக்கப் பயிற்சி பெற்றவராக இருந்தால் அந்தப் பெண்கள் அடுத்த மாதமும் வருவார்கள்.